தங்கபுஷ்பத்தின் ஏற்புரை

தங்கபுஷ்பம் அம்மாளுக்கு 1974 ஆனியில் அறுபது நிறைந்தது. கணவர் காலமாகிவிட்டதால் அறுபதாம் கல்யாணத்துக்கு வழியில்லை. பாராட்டு விழா நடத்துவோம் என்று ஜவுளிக்கடை வெள்ளைச்சாமி பனகல் பார்க் அருகே மண்டபம் பிடித்தார்.

உஸ்மான் ரோட்டில் அவர் கடை திறந்த புதிதில், வாங்கிய துணியை அன்றைக்கே ரவிக்கையாகத் தைத்துக் கொடுத்துக் கூட்டத்தை இழுத்தவர் இந்த அம்மாள். வெள்ளைச்சாமியின் மனைவி மீனாட்சிக்கு வியாபாரம் பழக்கியவரும் அவரே. கடை மாடியில் ஆறு மெஷின் போட்டுத் தையல் வகுப்பு நடத்தினார். அங்கே கற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் பெண்கள் சைதாப்பேட்டை வரை இருந்தார்கள். அந்த மாடியைத்தான் தீபாவளிக்குள் ரெடிமேட் பிரிவாக மாற்ற வெள்ளைச்சாமி முடிவு செய்திருந்தார்.

அந்தக் கடையில் கணக்கு எழுதிய என்னிடம் அம்மாள் சொன்னார்: “மாடியை விட்டுருன்னு தனியாக் கேட்டா வெள்ளைச்சாமி சிரிச்சிக்கிட்டே நழுவிருதான் அண்ணாச்சி. மேடையில நாலு பேர் முன்னால கேட்டா மாட்டேம்பானா? என்னை முதல்ல பேச விடச் சொல்லுங்க.”

விழாவை நடத்திய வெள்ளைச்சாமியின் மைத்துனர் கருணாகரனிடம் சொன்னேன்.

“ஏற்புரை கடைசியிலதான் அண்ணாச்சி. பாராட்டுறதுக்கு முன்னாடியே எதை ஏத்துக்கிறது?”

இரண்டு முறை வாதாடியும் பயனில்லை. விழாவில் முதலில் ஒருவர் தம்முடைய அறுபதாம் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். வணிகர் சங்கத்தார் ஒருவர் விற்பனை வரியை விளக்கினார். கருணாகரன் சங்கத் தேர்தலுக்கு ஆதரவு கேட்டார். ஒவ்வொருவரும் ஒரு பொன்னாடை போர்த்தினார். அந்த வெக்கையில் அம்மாளின் மடியில் அவை மோவாய் வரை ஏறின.

சமையல்காரர் வந்து, “இலை போட்டாச்சு, சாம்பார் ஆறுது” என்றார். பாதிக் கூட்டம் எழுந்தது. கருணாகரன் மைக்கைப் பிடித்து, “நேரமின்மை காரணமாக விழா நாயகியின் சார்பில் நானே நன்றி கூறி முடிக்கிறேன்” என்று முடித்தே விட்டார். அம்மாள் பேச எழுந்தபோது மைக் செட்காரன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

பந்தியில் நான் அவருக்குப் பக்கத்து இலை. விருந்து கொடுப்பவர் தம் கையால் பரிமாற வேண்டும் என்பதற்காக வெள்ளைச்சாமி பாயச வாளியோடு வந்தார். அம்மாள் இலைக்கு மேல் கையை விரித்து மறைத்தார்.

“மாடியை விட்டுக் குடுக்கியா?”

“சாப்பிடுங்க அக்கா. அப்புறம் பேசுவோம்.”

“அப்புறம் அப்புறம்னுதானே காலைல இருந்து உக்காந்திருக்கேன். சொல்லுடே.”

எதிர்வரிசையில் சாப்பிடும் கைகள் நின்றன. வடைத்தட்டோடு பின்னால் நின்ற மீனாட்சி, “ஆளுக பாக்காவ. பதிலைச் சொல்லுங்க” என்றார்.

“சரி. பாதி மாடி.”

“எந்தப் பாதி?”

“ஜன்னல் பக்கம்.”

அம்மாள் கையை எடுத்தார்.

அந்தப் பாதியில் மூன்று மெஷின்தான் கொள்ளும். காலையில் மண்டபம் நிறைந்திருந்தபோது கேட்டிருந்தால் முழு மாடியும் கிடைத்திருக்கும் என்று இன்றும் சொல்வேன்.

கருணாகரன் என் இலையருகே குனிந்து, “விழா எப்படி அண்ணாச்சி?” என்று கேட்டார்.

மோர் கொண்டுவரச் சொன்னேன்.