பைரியும் ஒரு கைப்பிடிக் கம்பும்

நவம்பரில் ஒரு காலை, துணி எடுக்கப் பால்கனிக்குப் போனபோது, வலைக்கு வெளியே ஏசி பெட்டியின் தலையில் இரண்டு இறக்கைகள் கிடந்தன. புறாவின் இறக்கைகள்தான். ஒன்றோடொன்று ஒட்டியபடி, யாரோ கழற்றி மடித்து வைத்த சட்டை மாதிரி ஒழுங்காக இருந்தன. நடுவில் இருக்கவேண்டிய புறாவைத்தான் காணவில்லை. டெல்லி கிட்வாய் நகரின் இந்தப் புதிய டவர்களில் பால்கனிக்கு என்னென்னவோ வந்து சேரும். மேல்வீட்டுக் குழந்தையின் சாக்ஸ் வரும், அறுந்த பட்டம் வரும். ஆனால் முட்டையைக்கூடப் பையில் மறைத்து எடுத்துவரும் எங்கள் தளத்தில் இப்படியொரு சாப்பாட்டு மிச்சம் அதுவரை விழுந்ததில்லை. அண்ணாந்து பார்த்தேன். எதிர் டவரின் உச்சியில், லிஃப்ட் அறையின் விளிம்பில், சிலேட்டு நிற முதுகும் கண்ணுக்குக் கீழே கறுப்பு மீசையுமாக ஒரு பறவை உட்கார்ந்து சாவகாசமாக அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். அகிலா குர்கானில் வேலை பார்க்கிறாள். டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்கமாட்டாள். உடனே போன் வந்தது. "அப்பா, இது பெரிக்ரின் ஃபால்கன். குளிருக்கு நார்த்லேர்ந்து இங்க வரும். ஃபாரின்ல பிஜன்ஸ விரட்டவே இத யூஸ் பண்றாங்களாம், தெரியுமா?" என் மனைவி செண்பகம் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இது பைரில்லா! நம்ம ஊரு மலப்பாறைல கெடக்கும்லா. அது கொஞ்சம் செவல, இது வெளுத்துக் கெடக்கு. இங்க இதுக்கு மலைக்கு எங்க போவ?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. மலை இல்லாவிட்டால் என்ன, நமக்கு டவர் இருக்கிறதே என்று எனக்குள் ஒரு குதூகலம். காரணம் அந்த இருமல்தான்.

குளிர்காலத்தில் டெல்லியில் யார்தான் இருமவில்லை என்று இரண்டு வருடம் அதை அலட்சியமாக விட்டிருந்தோம். காற்று அப்படி. ஊரில் இருப்பவர்களுக்கு இதை எப்படிச் சொன்னாலும் விளங்காது. பட்டப்பகலில் எதிர்வீடு தெரியாது, வாய்க்குள் பட்டாசு நெடி அடிக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் அதைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை. "கர் மே கபூதர் ஹை?" என்று கேட்டார். வீட்டில் புறா உண்டா என்கிறார். அதெல்லாம் வளர்ப்பதில்லை சார் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல், வளர்க்க வேண்டியதில்லை, இருந்தாலே போதும் என்றார். புறாவின் எச்சமும் இறகுத் தூசியும் நுரையீரலுக்குள் போய்க் கெடுத்துவிட்டிருக்கின்றன. கெட்டது கெட்டதுதான், இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், புறா இல்லாத இடத்துக்குப் போய்விடுங்கள் என்றார். டெல்லியில் புறா இல்லாத இடத்தை அவர் எனக்கு ஒன்று காட்டியிருக்கலாம்.

பழைய கிட்வாய் நகரில் இரண்டு மாடிக் குவார்ட்டர்ஸ் இருந்த காலத்தில் வாசலுக்கு வாசல் வேப்பமரம் நின்றது. கிளி வந்தது, மைனா வந்தது, புறாவும் ஓரமாக வந்து போனது. எல்லாவற்றையும் இடித்து வானத்துக்குக் கட்டினார்கள். மரத்தில் இருந்தவை எங்கே போயினவோ தெரியாது. புறா மட்டும் ஏசி இடுக்கிலும் குளியலறைக் குழாய்ச் சந்திலும் குடும்பம் குடும்பமாகக் குடியேறிவிட்டது. வலை கட்டினோம், ஜன்னல் இடுக்குகளுக்கு டேப் ஒட்டினோம். புறா உள்ளே வராது, அதன் தூசி வரும்.

அதற்குத் தீனியும் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் சரோஜ் ஜி தினமும் காலையில் குளித்துவிட்டு, படிக்கட்டை ஒட்டிய பொதுப் பால்கனியில் கம்பு தூவுவார். டெல்லியில் இதை எங்கும் பார்க்கலாம். சாலை நடுவில் காரை நிறுத்திவிட்டுத் தீனி போடுவார்கள், புண்ணியம். எங்கள் பக்கத்தில் கூழாகக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போன கம்பு இங்கே புறாவுக்குப் போவதை நான் பலமுறை கிண்டலடித்திருக்கிறேன். ஆனால் சரோஜ் ஜி விஷயம் வேறு. கொரோனாவில் அவருடைய ஒரே பையன் போய்விட்டான். அவன் பெயரைச் சொல்லிப் பறவைக்குத் தானியம் போடும்படி பண்டிதர் சொல்லியிருந்தார். அதை நிறுத்தச் சொல்லத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

டீ கொடுத்தார். சுவரில் பையனின் படம் இருந்தது. முப்பது வருடமாக அலுவலகத்தில் ஹிந்தியில் வாதாடுகிறவன் நான்; அன்று நாக்கு புரளவில்லை. செண்பகத்துக்கு மூச்சுக் கோளாறு, டாக்டர் புறாவைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று இழுத்தேன். அந்த அம்மாளின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "சிந்தா மத் கீஜியே பாயி சாஹிப். பாபிஜி கே நாம் கா பீ ஏக் முட்டி டால் தூங்கி" என்றார். கவலைப்படாதீர்கள், அண்ணி பெயரிலும் ஒரு கைப்பிடி போட்டுவிடுகிறேன் என்று அர்த்தம். நான் பரிகாரம் கேட்டு வந்ததாக நினைத்துவிட்டார். மறுநாளிலிருந்து இரண்டு கைப்பிடி விழுந்தது. வீட்டில் சொன்னபோது செண்பகம் சிரித்தாள். அவள் மூச்சு வாங்காமல் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதனால்தான் பைரி வந்ததும் அப்படியொரு நம்பிக்கை. தினமும் காலையில் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு எதிர் டவரைப் பார்த்து நிற்பேன். சூரிய நமஸ்காரம் செய்கிறேன் என்று சரோஜ் ஜி எல்லாரிடமும் சொல்லி வைத்தார். நானும் மறுக்கவில்லை. செண்பகத்துக்கு மட்டும் என் கணக்கில் நம்பிக்கை இல்லை. "என்னத்தப் பாக்கீய? அது ஒண்ணு. ஒரு வயிறு. இதுவ எத்தன இருக்கு?" என்பாள். பயந்து ஓடிவிடும் என்று நான் சொல்வேன். எங்கே ஓடும் என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்வியை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஜனவரியில் பனிமூட்டம் விலகி நல்ல வெயில் அடித்த ஒரு நாள். டெல்லியே மோடா என்கிற பிரம்பு முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஆரஞ்சு உரிக்க வெளியே வந்த நாள். புறா அடங்கிக் கிடக்கும் நேரம்தானே என்று செண்பகத்தை நானே பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பைரி விளிம்பைவிட்டு எழுந்து வட்டமடித்து மேலே போனது. "அந்தா பாரு" என்றேன். இறக்கையை மடக்கிக்கொண்டு அது கல் மாதிரி விழுந்தது. அடுத்த நொடி எல்லா இடுக்கிலிருந்தும் எல்லாப் புறாக்களும் கிளம்பின. ஓடவில்லை. சுற்றிச் சுற்றி வந்து எங்கள் வலையிலேயே மோதின. காய்ந்த எச்சமும் இறகும் சாம்பல் மாதிரி எங்கள் மேல் கொட்டின. நான் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவதற்குள் அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆம்புலன்ஸில் போகும்போது அவள் என் கையை விடவேயில்லை. நானே கூட்டிவந்து உட்காரவைத்தேன் என்பதை அவள் இன்றுவரை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரியில் அவளை ஆக்ஸிஜன் மெஷினோடு பாளையங்கோட்டையில் அவள் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். எனக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது; இப்போதே வேலையை விட்டால் பாதிச் சம்பளத்தில் வைத்தியச் செலவு கட்டுப்படியாகாது. நான் திரும்பி வந்தபோது பைரி இன்னும் இருந்தது. மார்ச்சில் அதுவும் வடக்கே போய்விட்டது. புறாக்கள் எப்போதும் போல இருந்தன.

ஊர்க்காற்றில் தேறிவிடுவாள் என்று எல்லாரும் சொன்னார்கள். தேறவில்லை. முன்பு படியேறினால் மூச்சு வாங்கும், இப்போது பேசினாலே வாங்குகிறது. டாக்டர் கெட்டது கெட்டதுதான் என்று சொன்னதை நாங்கள்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. "இங்க எல்லாரும் நல்லாத்தான் பாக்காங்க. ஆனா டெல்லிக்காரி டெல்லிக்காரின்னுதான் சொல்லுதாங்க" என்றாள் ஒருநாள். இங்கே இருந்தவரை அவள் மதராசி பாபி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட நான் ஒருவன்தான் இருந்தேன், நானும் இங்கே வந்துவிட்டேன்.

இந்த நவம்பரில் பைரி திரும்ப வந்திருக்கிறது, அதே விளிம்புக்கு. அதே வாரம் சரோஜ் ஜி மீரட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். போகும்போது கம்பு டப்பாவை என்னிடம் கொடுத்தார். "ஏக் பேட்டே கா, ஏக் செண்பக் பாபி கா. பூல்னா மத்." ஒன்று பையனுக்கு, ஒன்று செண்பகத்துக்கு, மறந்துவிடாதீர்கள் என்றார். இத்தனை நாளும் அவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் போட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போதும் வேண்டாம் என்று சொல்லாமல் டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை பொதுப் பால்கனியில் நின்றேன். பையனுக்கு ஒரு கைப்பிடி போட்டேன். அடுத்ததை அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்த நேரத்தில்தான் போன் அடித்தது, செண்பகம்.

"பைரி வந்துட்டா?"

"வந்துட்டு."

"அங்க என்ன... சத்தம்? புறாவா?"

சொன்னேன். டப்பா என் கைக்கு வந்ததை, இரண்டாவது கைப்பிடி யாருக்கு என்பதை. மெஷின் சத்தத்துக்கு நடுவே மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"போட்டுருங்க" என்றாள். "அங்கயாவது... எம்பேரு இருக்கட்டும்."

செண்பகம் என்று சத்தமாகச் சொல்லிக் கையைத் திறந்தேன். கைப்பிடிச் சுவரில் காத்திருந்த அத்தனையும் ஒரே வீச்சில் இறங்கின. தூசி எழுந்தது. போனை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டேன், அவளுக்குப் போய்விடக் கூடாதென்று.