யாருக்குக் கீழே?

கம்ப்யூட்டர் மீது எனக்குக் கோபம் கிடையாது. கோபமெல்லாம் முதலாளியின் மருமகன் மீதுதான், இன்றுவரை. எண்பதுகளின் நடுவில், கோவில்பட்டியில் நான் கணக்கெழுதிய தீப்பெட்டி ஆபீசுக்கு அந்த ஆள் மெட்ராசிலிருந்து ஒரு கம்ப்யூட்டரோடு வந்திறங்கினார். நாங்கள் மாப்பிள்ளை என்போம்.

தகவலைச் சேர்த்து வைப்பதில் பல வகை உண்டு. ஒன்று மரம்: மேலே ஒரு பெயர், கீழே கிளைகள். இன்னொன்று அட்டவணை: ஆளுக்கொரு எண், தனி வரி, யார் யாருக்கு என்ன உறவு என்பதை வேறொரு அட்டவணையில் குறிக்கலாம். எங்கள் ஆபீசில் குடும்பத்துக்கு ஒரே அட்டை, அதில் மேலே புருசன் பெயர், கீழே மற்றவர்கள். அதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை மரம்தான் என்றார்.

"அட்டவணையாப் போடுங்க சார். குடும்பம்னா நாளைக்குப் பிரியும், சேரும்."

"நீங்க டைப் அடிச்சாப் போதும்."

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், பழைய பதிவேடுகளைப் பட்டாசு சுற்றச் சிவகாசிக்கு எடைக்குப் போட்டார். மெத்தப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். இந்த மூஞ்சூறு அடுத்தவர்களைத் தள்ளிவிட்டது.

நாள்பட்ட ஆட்களை நிரந்தரமாக்கப் போவதாக முதலாளி சொல்லியிருந்த நேரம். குச்சி அடுக்கும் ஓர் அக்காளின் புருசன், வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு மணியாச்சிக்குப் போய்விட்டான். மாப்பிள்ளை அவன் பெயரை அழித்தார். மரத்தில் மேலே இருப்பதை அழித்தால் கீழே இருப்பதும் போய்விடும். அக்காளின் அத்தனை வருச வேலைக் கணக்கும் போயிற்று. மகன் கல்யாணமாகித் தனி அட்டை வாங்கியிருந்ததால் தப்பித்தான்.

"வேலய விட்டது அவருல்லா அண்ணாச்சி. நான் இங்கனதான உக்காந்து அடுக்குதேன்?"

மாப்பிள்ளையிடம் கூட்டிப்போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"புதுசா ஏத்துங்க. யாருக்குக் கீழேன்னு கேட்கும். மகன் பேரைக் கொடுங்க."

"அவனப் பெத்தவ நான். நேத்து வந்தவ மாதிரி அவனுக்குக் கீழ நிக்கணுமாக்கும்?"

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியும்லா சார்" என்று கத்தினேன்.

மறுநாள் அக்காள் வரவில்லை. எட்டயபுரம் பக்கம் வேறொரு ஆபீசில் புது ஆளாகச் சேர்ந்தார். மகனும் மருமகளும் பின்னாலேயே போனார்கள். மாப்பிள்ளை அவன் பெயரையும் அழித்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்க, இப்ப ஒரு தப்பும் இல்லை."