கன்னத்தில் வைத்த சட்டை

அப்போது மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு வேலை. குழந்தைச் சட்டை வாங்க அயர்லாந்திலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். முந்தின நாள் சொரசொரத்த துணியை, அதை மிருதுவாக்கும் சாஃப்ட்னரில் மறுபடி அலசித்தான் சாம்பிள் தைத்திருந்தோம். அதை அவர் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடி, “ஏடக் பொக்” என்றார்.

“ஏனுங்க, வேண்டாங்கறாங்களா?” முதலாளி என் காதருகே கேட்டார்.

அந்தப் பெண்மணியிடமே ஆங்கிலத்தில் விசாரித்தேன். மெத்தென்ற துணி என்று ஐரிஷில் சொன்னாராம். அங்கே துணியை முதலில் சொல்லி, அது எப்படிப்பட்டது என்பதைப் பின்னால்தான் சொல்வார்களாம். ஆர்டரும் கொடுத்தார். எங்களுக்குப் போன உயிர் வந்தது.

அவர் போனதும், இத்தனை வருடம் எடையும் அளவும் பார்த்தே துணி விற்ற முதலாளி அந்தச் சட்டையைத் தன் கன்னத்தில் வைத்தார்.

“துணி மெத்துன்னுதானுங்க இருக்குது.”

இப்போது நானும் எந்தத் துணியையும் கன்னத்தில் வைத்த பிறகே அதைப் பற்றி வாய் திறக்கிறேன்.