அக்கா ஒரு கை பார்த்த மெஷின்

என் அக்காவை யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அத்தானுக்குப் பக்கவாதம் வந்த பிறகு எட்டு மாதமாக எல்லாரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாடி வீட்டம்மா சொன்னாள், என் மனைவி சொன்னாள், லிஃப்டில் கூட வந்த முன்பின் தெரியாத ஒருவர்கூடச் சொன்னார். பாவமாம்! அவளோடு ஒரு நாள் கடைக்குப் போய்ப் பாருங்கள், யார் பாவம் என்று தெரியும். நான் போனேன், அதனால் சொல்கிறேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். நர்ஸ் இல்லை. ஆபரேஷனுக்குப் பயன்பட்ட கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவித் தட்டில் அடுக்கி, ஆள் உயர இரும்புப் பெட்டிக்குள் தள்ளி, நீராவியில் வேகவைத்துக் கிருமியைக் கொல்லும் அறை ஒன்று அங்கே அடித்தளத்தில் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அது அவளுடைய ராஜ்ஜியம். அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு இறங்காமல் அந்தக் கதவில் யாரும் கை வைக்க முடியாது. ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவர் தானே இறங்கிவந்து கத்தி கேட்டுக் கத்தினாராம். "நீங்க கத்தினா முள் இறங்காது டாக்டர், அதுக்கு இன்னும் நாலு நிமிஷம் ஆகும்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டிருக்கிறாள். மனிதர் உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்டு போனார்.

அத்தான் பஸ் டிரைவர். டிப்போ கேன்டீனில் ஒரு பழைய எஸ்பிரஸோ மெஷின் இருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீன்காரரை ஓரமாகத் தள்ளிவிட்டு இவரே அதன் முன்னால் நின்றுவிடுவார். அத்தனை பேருக்கும் இவர் கையால்தான் காபி. எந்நேரமும் அதன் நீராவிக்குள் நிற்பதால் நண்பர்கள் வைத்த பெயர் "ஆவி". அக்காவின் வேலை என்னவென்று தெரிந்ததும் டிப்போவே சிரித்தது. "ஆவிக்கு ஏத்த ஆவிதான்டா அமைஞ்சிருக்கு!"

அப்படிப்பட்ட மனிதரின் வலது கை ஒரு காலையில் அவர் பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. கால் ஓரளவு தேறியது, வீட்டுக்குள் இழுத்து இழுத்து நடப்பார். கை தேறவில்லை. ஜன்னலோரம் நாற்காலி, மடியில் அந்தக் கை, யார் என்ன கேட்டாலும் "வேண்டாம்". பயிற்சி கொடுக்க வரும் பெண் கடைசியில் அக்காவிடம் உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"வலது கை இனிமே சும்மா ஒத்தாசைக்குத்தான்க்கா. இடது கையைத்தான் பழக்கணும். ஆனா நான் குடுக்கிற பந்தை உருட்ட அவருக்கு மனசே இல்ல. அவரா ஆசைப்பட்டுச் செய்யற வேலை ஏதாவது ஒண்ணு வேணும். இல்லைன்னா மனுஷன் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்."

அன்று சாயங்காலமே எதிர்வீட்டிலிருந்து அக்கா என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "டேய், நாளைக்கு லீவு போடு. காபி மெஷின் வாங்கணும். ஒரு கை பாத்துடலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. "ஆமா, ஒரு கைதான்" என்று அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியிருந்தது.

நான் இன்ஷூரன்ஸ் விற்பவன், வாய்தான் எனக்கு மூலதனம். உட்கார்ந்து இணையத்தில் இருந்த விமர்சனங்களை எல்லாம் மேய்ந்து, மறுநாள் போகிற வழியில் அவளுக்கு வகுப்பே எடுத்தேன். எல்லாவற்றையும் தானே செய்யும் மெஷின் இருக்கிறது, கொட்டையைப் போட்டால் போதும், அதுவே அரைத்து, அதுவே அமுக்கி, அதுவே ஊற்றும். ஒரு பொத்தான், ஒரு விரல், வேலை முடிந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்?

"எல்லாத்தையும் அதுவே செஞ்சா அப்புறம் அவர் எதுக்குடா?" என்றாள். என் வகுப்பு அதோடு முடிந்தது.

கடைக்குள் நுழைந்ததும் அக்கா ஒரு காரியம் செய்தாள். வலது கையை மேல்கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். பிறகு அதை வெளியே எடுக்கவே இல்லை.

விற்பனையாளர் உற்சாகமானவர். முதல் மெஷினைத் தட்டிக்கொடுத்து, "இது பதினஞ்சு பார் சார்!" என்றார். சரி, பதினைந்தாவதைப் பார்க்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நான் அலமாரியில் எண்ணிக்கொண்டே போனேன். மொத்தமே பதினொன்றுதான் இருந்தது.

"டேய் கோமாளி, இங்க வா. பார்ங்கிறது அழுத்தத்தோட அளவுடா" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள், இடது கையால். பிறகு அவரிடம் திரும்பினாள். "காபிக்கு ஒன்பது போதும்னு உங்க அட்டையிலேயே போட்டிருக்கு. மீதி ஆறு எதுக்குங்க?"

அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எங்க ரூம்ல ரெண்டு பார்லயே கிருமியெல்லாம் குடும்பத்தோட போய்ச் சேர்ந்துடும்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையை ஆரம்பித்தாள். காபித்தூளைப் போடும் குழிக்கரண்டி போன்ற கைப்பிடி ஒன்று உண்டு. அதை மெஷினின் தலைக்கடியில் மாட்டி, இடமிருந்து வலமாகத் திருகி இறுக்க வேண்டும். இடது கையால் திருகினாள். கைப்பிடி இறுகவில்லை, மெஷினே மேஜைமேல் அவளோடு சுற்றி வந்தது.

"இன்னொரு கையால பிடிச்சுக்கணும் மேடம்."

"இன்னொரு கை இல்லைன்னா?"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. கோட்டுப் பையை ஒரு நொடி பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு குரலே மாறிவிட்டது, நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது. எனக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. அக்கா என் காலை மிதித்தாள்.

இரண்டாவது மெஷின் கனமானது, அசையவில்லை. ஆனால் காபி இறங்கி முடிந்த உடனே கைப்பிடியைக் கழற்றக் கூடாது, உள்ளே அழுத்தம் இருக்கும், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றார்.

"மறந்துபோய்த் தொறந்துட்டா?"

"கொஞ்சம் தெறிக்கும் மேடம்."

"சூடா?"

அவர் மெல்லத் தலையாட்டினார். அக்கா அதைவிட்டு நகர்ந்துவிட்டாள். அடுத்ததில் தொடுதிரை, விரல் வழுக்கியது. அதற்கடுத்ததில் தண்ணீர்த் தொட்டி பின்பக்கம், இரண்டு கையால் தூக்க வேண்டும். ஐந்தாவது, ஆறாவது என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பசி காதை அடைத்தது. "ஒரு காபிக்கு இவ்வளவு அக்கப்போரா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

ஏழாவது மெஷின் பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. விரலுக்கு அடங்கும் பெரிய சுவிட்ச், பக்கவாட்டில் உருவி எடுக்கும் தொட்டி. சுவிட்சை அணைத்ததும் "புஸ்" என்று ஒரு சத்தம். உள்ளே மிச்சமிருந்த அழுத்தம் ஒரு குழாய் வழியாகக் கீழே தட்டில் இறங்கிவிட்டது. அக்கா குனிந்து காதை வைத்து, மறுபடி போட்டு அணைக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்று முறை கேட்டாள். இடது கையாலேயே கைப்பிடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். "இதுதான்" என்றாள்.

பணம் கட்டும் இடத்தில் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்துக் கையெழுத்துப் போட்டாளே, அப்போது அந்த விற்பனையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும்! காரணத்தை நான் சொன்னேன். அவர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து காரில் வைத்தார்.

மெஷின் வீட்டுக்கு வந்தது. ஆஸ்பத்திரித் தச்சரிடம் சொல்லி அக்கா ஒரு மரக்கட்டையில் பள்ளம் வெட்டி வாங்கியிருந்தாள். கைப்பிடியை அந்தப் பள்ளத்தில் உட்கார வைத்தால், ஒரு கையாலேயே தூளை அமுக்கிவிடலாம். எல்லாம் தயார். அத்தான் ஜன்னலோரத்திலிருந்து பார்த்தார். "எனக்கெதுக்கு இதெல்லாம்? திருப்பிக் குடுத்துடு" என்றார்.

அக்கா வாதாடவில்லை, கெஞ்சவில்லை. மறுநாள் காலை அவளே காபி போட்டாள், இடது கையால் மட்டும். தூள் பாதி தரையில். காபி என்ற பெயரில் கோப்பையில் கறுப்புத் தண்ணீர். அதைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் தாண்டி நான் போனபோது விரலைச் சுட்டுக்கொண்டு குழாயடியில் நின்றிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"வேணும்னே சொதப்புறியா? அவரை எழுப்ப நாடகம் போடுறியா?" என்று கேட்டுவிட்டேன்.

"நாடகமா? நீ போட்டுப் பாருடா" என்று சீறினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நல்லா இருக்கிற வலது கையைத் தொடாம இருக்கிறதே எனக்கு இவ்ளோ கஷ்டமா இருக்கு. அவர்கிட்ட போய் 'பழகிக்கோங்க'ன்னு வாய் கூசாம எப்படிடா சொல்றது? எனக்கு முதல்ல தெரிய வேண்டாமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளைவிட நான்கு வயதுதான் சின்னவன். அவள் மனதுக்கு முன்னால் நான் எந்த மூலைக்கு?

பன்னிரண்டாம் நாள் காலை நானும் அங்கே இருந்தேன். கைப்பிடி சரியாக மாட்டவில்லை, சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் நாலாபக்கமும் வழிந்தது. கூடத்திலிருந்து ஒரு கத்தல்.

"மாட்டும்போது பிடி இடது பக்கம் பாக்கணும்! தள்ளி மாட்டினா எப்படி உட்காரும்? இவ்ளோ நாளா அதையேதான் பண்ணிட்டிருக்க!"

அத்தான் காலை இழுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். "தள்ளு" என்றார்.

அக்கா தள்ளிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "இன்னைக்கு ஒரு மணி நேரம் லேட்டா வரேன். வீட்டுல முக்கியமான வேலை" என்றாள். வந்து என் பக்கத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

முதல் தடவை தூள் கொட்டியது. இரண்டாவது தடவை கைப்பிடி நழுவித் தரையில் விழுந்து கணீரென்றது. அத்தான் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை, எழுந்தேன். அக்கா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "உட்காருடா" என்றாள், சத்தமே வராமல். அந்தப் பிடியில் பொத்தானே தெறித்துவிட்டது.

நாற்பது நிமிடம். நாற்பது நிமிடம் கழித்து அத்தான் இடது கையில் கோப்பையோடு வந்தார். கால் இழுத்ததில் காபி பாதி சாஸரில். அக்கா முன்னால் வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. எனக்குத் தொழில் புத்தி. "சூப்பர் அத்தான், பிரமாதம்" என்று பாராட்ட வாயைத் திறந்துவிட்டேன்.

அக்கா ஒரு வாய் குடித்தாள். நிதானமாக விழுங்கினாள்.

"கசக்குதுங்க" என்றாள். "தண்ணி ரொம்ப நேரம் ஓடிடுச்சு."

அத்தான் அவளையே பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்து கோப்பையை வாங்கித் தானும் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஆமா, கசக்குது" என்றார். "நாளைக்குப் பாரு."

எட்டு மாதத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து "நாளைக்கு" என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை, மணி பார்த்துக்கொண்டு மிச்சக் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.