மஞ்சள் தடவிய வாழ்த்து அட்டைகள்

துர்கா பூஜை முடிந்ததும் வங்காளிகள் பெரியவர்களின் காலைத் தொட்டு விஜயா வாழ்த்துச் சொல்வார்கள். பெஹாலாவில் ஒரு முதியோர் இல்லத்தில் அப்படி யாரும் வராதவர்கள் இருந்தார்கள். தொண்ணூறுகளில் ஒரு வருஷம், பாலிகஞ்சில் எங்கள் குடியிருப்புத் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து அவர்களுக்குக் கையாலேயே வாழ்த்து அட்டைகள் செய்தோம். தபாலில் போடும் முன் அம்மா எல்லா அட்டைகளின் மூலைகளிலும் மஞ்சள் தடவிவிட்டாள். மின்கட்டண ரசீதுக்குத் தடவாததுதான் பாக்கி.

சில நாள் கழித்து இனிப்போடு போனோம். பட்டுப் புடவையும் பவுடருமாக வாசலில் காத்திருந்த ஒரு பாட்டி, "யாருக்குக் கல்யாணம்?" என்று வங்காள மொழியில் கேட்டார். வயதான பெண்களை அங்கே மாஷிமா என்றுதான் கூப்பிடுவார்கள். நம்மைப் போல வங்காளிகளும் கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் வைப்பார்கள். கண் மங்கியவருக்கு எழுத்து தெரியவில்லை, மஞ்சள் தெரிந்திருக்கிறது.

அம்மா என்னை முன்னால் தள்ளி, "இவளுக்குத்தான். மாப்பிள்ளைதான் இன்னும் அமையல" என்றாள். எனக்குக் கோபமான கோபம். மாஷிமா சிரித்துக்கொண்டே என் தலையில் கை வைத்தார்.

அடுத்த வருஷமே எனக்குக் கல்யாணம். இல்லத்துக்கும் பத்திரிகை அனுப்பினோம். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற சித்தி, அதே பட்டுப் புடவையில் வந்தவரிடம் யார் என்று விசாரித்தாள். மாஷிமா கைப்பையிலிருந்து எங்கள் பழைய வாழ்த்து அட்டையை எடுத்துக் காட்டினார்.

"என்னைப் போன வருஷமே கூப்பிட்டுட்டாங்க."