மூட்டையாகப் போன திருத்தம்

அக்காவுக்குப் பார்வை போனபின், கணினித் திரையை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள்தான் துணை. நீளமான பக்கம் வந்தால் அது பாதியில் ஊமையாகிவிடும். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் தம்பி, மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்தப் பிழையைச் சரிசெய்தான். கண்ணில் பட்ட வேறு பலவற்றையும் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே மாற்றப் பதிவில், மூட்டை கட்டி அந்த மென்பொருளை நடத்தும் குழுவுக்கு அனுப்பினான்.

“இவ்வளவையும் மொத்தமாகச் சரிபார்க்க முடியாது. சின்னச் சின்னதாகப் பிரித்து அனுப்புங்கள்” என்று மென்பொருளின் பராமரிப்பாளர் பதில் எழுதினார்.

தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படியே கிடப்பில் போட்டுவிட்டான்.

ஓராண்டு கழித்து மனம் இறங்கிப் பிரித்தபோது, அந்தப் பிழைக்குத் தேவைப்பட்டது சில வரிகள்தான். அதை மட்டும் அனுப்பினான், அன்றே ஏற்றுக்கொண்டார்கள்.

“அக்கா, இனிமே பாதியில நிக்காது. கேட்டுப் பாரு.”

“வேணாம்டா. நான் படிக்கிறதையே விட்டுட்டேன்” என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.