அப்பாவின் கடலைப் பாத்தி

இரண்டு அலமாரி புத்தகம் படித்த நான், ஐம்பது வயதில், வேர்க்கடலை வறுக்கும் வண்டியைக் கண்டால் திருடனைப்போல் எதிர்ப்பக்கம் நழுவுகிறேன். அந்த மணம் என் சிறுவயதுக் கோபாலபுரத்துக்கு, ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமைக்கு, இழுத்துக்கொண்டு போய்விடும். 

குமாஸ்தாவான அப்பா முதன்முதலாக மண்வெட்டி பிடித்துக் கொல்லையில் குழி வெட்டினார். அம்மா தண்ணீர் ஊற்றினாள். கடலை போடுவது என் வேலை. குழிக்கு ஒன்று, வாய்க்கு இரண்டு என்று போட்டேன். பாதியில் கடலை தீர்ந்ததால் மீதிக் குழிகளை வெறுமனே மூடினேன்.

அப்பா ஒரு மாதம் தண்ணீர் விட்டார். ஒன்றும் முளைக்கவில்லை. "நமக்குக் கைராசி இல்லை" என்றவர், சாகும்வரை ஒரு துளசிகூட நடவில்லை.

போன வாரம் அம்மாவிடம் உண்மையைச் சொல்லி அழுதேன்.

"அட போடா! உங்கப்பா வாங்கிட்டு வந்ததே வறுத்த கடலை. அவரு கையெல்லாம் கொப்பளிச்சப்புறந்தான் பாத்தேன், சொல்ல மனசு வரல. அன்னிக்கு உருப்படியா நடந்தது நீ தின்னது ஒண்ணுதான்."